கலாசாலைக்குள் வரும் கம்பெனிகள்

செயற்கை நுண்ணறிவு நிபுணர்களை உருவாக்குவதற்காக இன்ன கம்பெனி இன்ன சர்வகலாசாலையோடு ஒப்பந்தம் செய்துகொண்டது என்ற செய்தி இப்போதெல்லாம் அடிக்கடி புகைப்படத்தோடு வெளியாகிறது. நடுவில் ஒரு பூங்கொத்து, இருபுறமும் தோல் அட்டை போட்ட கோப்பைப் பிடித்தபடி இரு கனவான்கள். அந்தக் கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

தில்லியைப் பொறுத்தவரை இந்தச் சிநேகம் நேற்று முளைத்ததன்று. ஹௌஸ் காஸில் இன்று ஐ.ஐ.டி. என்று வழங்கும் ஸ்தாபனம், வெறும் பொறியியல் கல்லூரியாகக் கருக்கொண்ட நாளிலேயே, பிரிட்டிஷ் தொழில் முதலாளிகளின் சம்மேளனத்தின் உதவியோடு, லண்டனில் தில்லி இன்ஜினீயரிங் கல்லூரி டிரஸ்ட் என்ற அமைப்பு ஏற்பட்டது. 1959 ஜனவரி 28ஆம் தேதி எடின்பரோ கோமகன் அடிக்கல் நாட்டினார். 1961 ஆகஸ்டில் முதல் மாணாக்கர்கள் வந்து சேர்ந்தார்கள். தங்கள் யந்திரத்தில் கைபழகிய இளைஞன், நாளை அதிகாரியானதும் அதே யந்திரத்தைத்தான் வாங்கச் சொல்வான் என்ற வியாபாரக் கணக்கு அந்த முதலாளிகளுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

கணிப்பொறிக் காலம் வந்தபோது, ஐ.பி.எம். தன் இந்திய ஆராய்ச்சிக்கூடத்தை 1998இல் அதே வளாகத்துக்குள்ளேயே தொடங்கியது. ஓக்லாவில், தில்லி அரசாங்கம் 2008இல் நிறுவிய இந்திரபிரஸ்த தகவல் தொழில்நுட்பக் கழகத்தில், இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் உதவியோடு 2016இல் செயற்கை நுண்ணறிவு மையம் ஒன்று தோன்றியது. ஹௌஸ் காஸில் 2020இல் இத்துறைக்கென்றே தனிப்பள்ளி ஏற்பட்டு, அதே ஐ.ஐ.டி.யில் படித்து 1968இல் பட்டம் பெற்றுக் கலிபோர்னியாவில் மென்பொருள் கம்பெனி கண்ட அனந்த் யார்டி ஒரு கோடி டாலர் வழங்கியதை ஒட்டி, இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இவை எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கக் கூடாது. பழைய மாணவர் கொடுப்பது நன்கொடை. அதற்குப் பிரதியாக அவர் பெயரைக் கல்லில் பொறித்தால் போதும். கம்பெனி கொடுப்பதில் ஒரு பகுதி, லாபம் மிகுந்த கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் விதிப்பதனால் வருவது. மூன்றாவது வகையாகிய கூட்டு ஆராய்ச்சியில்தான், பணத்தோடு ஆராய வேண்டிய பிரச்சினையும் தரவும் கலாசாலைக்குள் வருகின்றன, சமயத்தில் கம்பெனியின் விஞ்ஞானியே இணை வழிகாட்டியாகவும் வருகிறார். ஆறு மாதத்தில் நிபுணராக்குவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் சான்றிதழ் வகுப்புகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது வகை செவ்வையாக நடந்தால் என்ன விளையும் என்பதற்கு, தில்லியை விட்டுச் சற்று விலகி, ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யும் இன்டெல் கம்பெனியும் சேர்ந்து செய்த ஒரு காரியத்தைப் பார்க்கலாம். தானே ஓடும் மோட்டார் வண்டிக்குச் சாலையைக் கற்பிக்க உலகெங்கும் பயன்பட்டு வந்த படத்தொகுப்புகளில் முக்கியமான ஒன்று பெரும்பாலும் ஜெர்மன் நகரங்களில் எடுக்கப்பட்டது. அதில் பாதைக் கோடுகள் பளிச்சென்று இருக்கும், ஆட்டோ ரிக்‌ஷா என்ற ஜீவன் இருக்காது. இவர்களோ காரின் முன்னே காமிராவைப் பொருத்தி, ஹைதராபாத், பெங்களூர்ச் சாலைகளிலும் சுற்றுப்புறங்களிலும் 182 ஓட்டங்கள் ஓடி, பதினாயிரம் படங்களைத் திரட்டி, ஒவ்வொன்றிலும் எந்தப் புள்ளி எந்தப் பொருளுக்கு உரியது என்று 34 வகைகளாகப் பிரித்து வரைந்தார்கள். ஆட்டோவுக்கு ஒரு வகை, தெருவில் நிற்கும் பிராணிக்கு ஒரு வகை. சாலை என்று சொல்லவும் முடியாமல், வண்டியை இறக்க முடியாது என்று தள்ளவும் முடியாமல் தார்ச்சாலையின் ஓரத்தில் கிடக்கும் மண்ணுக்குக்கூடத் தனியாக ஒரு வகை! நம் ஊரில் வண்டி ஓட்டிய எவருக்கும் அந்த மண்ணின் மகத்துவம் தெரியும். இந்தத் தொகுப்பு ஆராய்ச்சிக்குப் பகிரங்கமாக வழங்கப்படுவதால், கம்பெனி நாளை வேறு வேலைக்குப் போய்விட்டாலும் மாணாக்கர்களுக்குப் பாடம் மிஞ்சும்.

கம்பெனியின் உதவி கலாசாலைக்கு ஏன் தேவைப்படுகிறது என்பது எளிதில் விளங்கும். பெரிய மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்க ஜிபியூ என்னும் கணிப்பு யந்திரங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். எந்தத் துறைத் தலைவரின் வருடாந்தர ஒதுக்கீடும் அதற்குப் போதாது. மத்திய அரசாங்கம் 2024 மார்ச்சில் 10,371.92 கோடி ரூபாய்க்கு இந்தியா ஏ.ஐ. திட்டத்தை அங்கீகரித்து, பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜிபியூக்களைப் பொதுவில் கிடைக்கச் செய்ய முற்பட்டிருப்பதால், இந்த ஒரு விஷயத்திலாவது கலாசாலைகள் கம்பெனியின் வாசலில் காத்து நிற்கும் நிலை குறையலாம்.

ஆனால் ஆசிரியர்களை எந்தத் திட்டமும் மொத்தமாகக் கொள்முதல் செய்துவிட முடியாது. முனைவர் பட்டம் முடித்த இளைஞனுக்குக் கம்பெனி கொடுக்கும் சம்பளத்தைச் சர்வகலாசாலை கொடுக்க இயலாத நிலையில், பயிற்சி கொடுக்க வருகிற அதே கம்பெனிதான், பயிற்சி கொடுக்கத் தகுந்தவர்களை முதலில் அழைத்துக்கொண்டும் போகிறது. இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும்படி, தொழில்துறையில் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்களை, மொத்தப் பணியிடங்களில் பத்து சதவீதத்துக்கு மிகாமல் தற்காலிகப் பேராசிரியர்களாக வைத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழிசெய்தது. நல்ல ஏற்பாடுதான், எனினும் அவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அப்பதவியில் இருக்க முடியாது. ஒரு முனைவர் பட்ட மாணவரை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை கவனித்து அனுப்ப அந்தக் காலமே போதாமற் போகலாம்.

ஒப்பந்தங்களில் என் கண்ணை உறுத்துவது பிரசுரத்துக்கு முன் கம்பெனியின் பார்வைக்கு வைக்க வேண்டும் என்னும் ஷரத்து. காப்புரிமை கோருவதற்காகச் சில வாரம் பொறுக்கச் சொல்வது நியாயம். காலவரையறை எழுதாமல் விட்டுவிட்டால், மாணவரின் ஐந்தாண்டு உழைப்பு கம்பெனியின் அலமாரியில் உறங்கும், அவர் அடுத்த வேலைக்கு வெறுங்கையோடு போவார். பொதுப்பணத்தில் நடக்கும் கலாசாலைகள் இத்தகைய ஒப்பந்தங்களைத் தங்கள் இணையதளத்தில் முழுமையாக வெளியிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அதுவரை, இத்துறையில் சேர விரும்பும் மாணாக்கர்களும் அவர்களுடைய பெற்றோரும், விளம்பரத்தில் உள்ள கம்பெனியின் பெயரைக் கண்டு அவசரப்படாமல், பாடம் நடத்தப்போகிற ஆசிரியர்களில் எத்தனை பேர் நிரந்தரமானவர்கள், கம்பெனிக்காகச் செய்யும் ஆராய்ச்சியை மாணவர் தம் பெயரில் எத்தனை நாளைக்குள் வெளியிடலாம் என்ற இரண்டையும் கல்லூரி நிர்வாகத்திடம் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.