டைனம் கிராமத்துக்குப் போகும் பாதை

இங்கிலாந்தின் தென்கரையில் டோர்செட் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே கடலிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் உள்ளே, இரண்டு குன்றுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் டைனம் என்ற சிறு கிராமம் இருக்கிறது. ஒரு தேவாலயம், ஒரு பாடசாலை, ஒரு தபாற்கந்தோர், வரிசையாகச் சில கல்வீடுகள், ஒரு பண்ணை. ஊர் இவ்வளவுதான். இன்று அந்த வீடுகளுக்குக் கூரை இல்லை. அங்கே எவரும் குடியிருப்பதுமில்லை. ஆயினும் விடுமுறை நாட்களில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மக்கள் அந்த ஊரைச் சுற்றி நடக்கிறார்கள்.

காணியையும் வீட்டையும் விட்டு வந்தவர்களுக்கு இந்த ஊரின் கதை அந்நியமாக இராது. மூடப்பட்ட அதன் பாதைகள் எவ்வாறு மீண்டும் திறந்தன என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

ஒரு மாத அவகாசம்

டைனத்துக்கு அண்மையில் முதலாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே யுத்த டாங்கிப் பயிற்சி நடந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் கரையில் படைகளை இறக்கத் திட்டமிட்டபோது, பயிற்சிக்கு மேலும் நிலம் தேவைப்பட்டது. 1943 நவம்பரில் வீடு வீடாகக் கடிதம் வந்தது. டிசெம்பர் 19 ஆம் திகதிக்கு முன் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. சுமார் 7,500 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. வெளியேறியவர்கள் ஏறக்குறைய 225 பேர். பண்ணைக்காரர், கூலி வேலை செய்தோர், கரையில் வலை போட்ட மீனவக் குடும்பங்கள் என எல்லோரும் நத்தாருக்கு ஒரு கிழமை இருக்கும்போது புறப்பட்டார்கள்.

போகும்போது தேவாலயக் கதவில் ஒரு கடிதத்தைக் குத்திவிட்டுப் போனார்கள். தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பாருங்கள், தலைமுறைகளாக நாம் வாழ்ந்த இடம் இது, போர் முடிந்ததும் ஒருநாள் திரும்பி வருவோம் என்பதே அதன் சாரம்.

போர் 1945 இல் முடிந்தது. அவர்கள் திரும்பவில்லை. 1948 இல் அரசாங்கம் அந்த நிலத்தைக் கட்டாயமாகச் சுவீகரித்துப் பயிற்சித் தளமாகவே வைத்துக்கொண்டது. ஊர்க் காணி ஒரு நிலச்சுவாந்தார் குடும்பத்தின் பெயரில் இருந்தது. ஊரவர் வாடகைக் குடிகள். காணி உறுதி அவர்களிடம் இல்லாதபடியால், வளவில் நின்ற மரக்கறிகளின் பெறுமதியே அவர்களுக்கு நட்டஈடாகக் கிடைத்தது. அந்த வீட்டில் எத்தனை தலைமுறை வாழ்ந்தது என்பதற்கு எந்தப் பெறுமதியும் போடப்படவில்லை.

பாதைகள் திறந்த விதம்

இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பக்கம் பொதுமக்கள் போக முடியவில்லை. 1968 இல் டைனத்தை விடுவிக்கக் கோரி ஒரு குழு அமைந்தது. கடிதம் எழுதினார்கள், கூட்டம் வைத்தார்கள், பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தார்கள். படைகளிடமுள்ள நிலங்களைப் பற்றி ஆராய அரசாங்கம் நியமித்த நியூஜென்ட் குழு, 1973 இல் தன் அறிக்கையில் இந்தத் தளத்தை விடுவிக்கலாம் என்று பரிந்துரைத்தது. 1974 இல் அரசாங்கம் அதை ஏற்க மறுத்தது. ஆனால் மக்கள் நடமாட இன்னும் இடங்கொடுக்க இணங்கியது. 1975 முதல் ஊரும் அதைச் சுற்றிய நடைபாதைகளும் வார இறுதிகளிலும் ஓகஸ்ட் மாதத்திலும் திறக்கப்பட்டன. பெரும்பாலான வார இறுதிகளில் இன்றும் அப்படியே திறக்கின்றன.

ஊரைத் திருப்பிக் கேட்டார்கள். கிடைத்தது ஊருக்குப் போகும் வழி மட்டுமே. அது சிறிய காரியம் என்று சொல்வதற்கில்லை. அந்த வழி கிடைத்ததனால்தான் பிறந்த வீட்டின் வாசற்படியைப் பலர் மறுபடி கண்டார்கள்.

நடந்து பார்த்தால்

தேவாலயத்தடியிலிருந்து ஓடைக்கரையோரம் மரநிழலில் ஒரு மைல் நடந்தால் வோபரோ விரிகுடா வரும். மீனவர் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது கற்சுவர்களின் மிச்சமே உண்டு. கிழக்கே திரும்பினால், காட் கிளிஃப் என்ற செங்குத்துப் பாறையின் மேலாகப் பாதை கிம்மரிட்ஜ் குடாவுக்குப் போகிறது. மேற்கே ஏறினால் ஃபிளவர்ஸ் பரோ என்ற இரும்புக் காலத்து மண்கோட்டை வரும். அதன் ஒரு பக்கத்தைக் கடல் ஏற்கெனவே அரித்துவிட்டது. அதையுங் கடந்து சென்றால் லல்வேர்த் குடா. இந்த இரண்டு குடாக்களுக்கும் இடையிலான கரைப்பாதை சுமார் 7 மைல். ஏற்ற இறக்கம் அதிகம்.

பாதையின் இரு பக்கமும் மஞ்சள் நிறக் கட்டைகள் நாட்டப்பட்டுள்ளன. அவற்றுக்கு வெளியே காலடி வைக்கக்கூடாது. வெடிக்காத எறிகணைகள் இன்னும் அந்த மண்ணில் கிடக்கின்றன. கீழே கிடக்கும் உலோகத் துண்டு எதையும் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியே அழைத்துப் போகிறார்கள். குன்றில் சிவப்புக் கொடி பறந்தால் அன்று சுடுபயிற்சி, பாதை மூடப்பட்டிருக்கும்.

1943 க்குப் பின் பெரும்பகுதி நிலம் உழவையும் கிருமிநாசினியையும் காணவில்லை. அதனால் வேறிடங்களில் அருகிப்போன பூண்டுகளும் வண்ணத்துப்பூச்சிகளும் இங்கே பெருகியிருக்கின்றன. பார்ப்பவர்கள் மகிழ்கிறார்கள். ஆனால் புல் மூடிய அந்த நிலம் ஒருவருடைய வயலாகவும் மேய்ச்சற் தரையாகவும் இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

அதை மறக்காதிருக்க ஊரவர் உதவினார்கள். கூரையற்ற வீடுகளில் பலகைகள் வைக்கப்பட்டுள்ளன. இங்கே இன்னார் வாழ்ந்தார், இன்ன தொழில் செய்தார் என்று பழைய படங்களுடன் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் குறைந்து 1932 இல் மூடப்பட்ட பாடசாலையும் தேவாலயமும் இப்போது காட்சிக்கூடங்கள். வெளியேறியவர்கள் சொல்லி வைத்த விபரங்களும் காத்து வைத்த படங்களும் இல்லாவிட்டால், அங்கே வெறும் சுவர்களைத்தான் பார்த்திருப்போம்.

மற்றக் கிராமங்களில்

டைனத்தின் பாதைகள் தளத்தின் ஒழுங்குவிதிப்படி திறந்து மூடுபவை. இங்கிலாந்தின் மற்றக் கிராமங்களில் நிலைமை வேறு. அங்கே தனியார் வயலுக்கூடாகச் செல்லும் ஒற்றையடிப் பாதையிலும் பொதுமக்களுக்கு நடக்கும் உரிமை உண்டு. காணி கைமாறினாலும் அந்த உரிமை மாறாது. ஒருமுறை பொதுவழியானது, சட்டப்படி நீக்கப்படும்வரை, எப்போதும் பொதுவழிதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய பாதைகள் ஏறக்குறைய 225,000 கிலோமீற்றர் நீளத்துக்கு உண்டு. நடைபாதைக்கு மஞ்சள் அம்புக்குறி, குதிரையிலும் போகக்கூடிய பாதைக்கு நீல அம்புக்குறி.

கமக்காரருக்கும் இதில் கடமை உண்டு. வயலோரமாகச் செல்லும் பாதையை உழக்கூடாது. நடு வயலைக் குறுக்கறுக்கும் பாதையை விதைப்புக்காக உழலாம். ஆனால் 14 நாட்களுக்குள் அதை மறுபடி அமைத்து, பயிருக்கூடாகக் குறைந்தது ஒரு மீற்றர் அகலத்துக்கு வழிவிட வேண்டும். வேலியிலுள்ள கடப்பையும் படலையையும் பழுதுபார்ப்பது காணிக்காரரின் பொறுப்பு. நியாயமான செலவில் காற்பங்காவது உள்ளூராட்சிச் சபை கொடுக்க வேண்டும்.

இந்த உரிமைக்கு ஆதாரம் வரைபடம். 1949 இல் வந்த சட்டம் பொதுவழிகளையெல்லாம் வரைபடத்தில் பதியச் சொன்னது. பல ஊர்களில் கிராமத்தவர்களே பாதை பாதையாக நடந்து பார்த்துக் குறித்துக் கொடுத்தார்கள். டைனத்து மக்கள் அப்போது தங்கள் ஊரில் இல்லை.

வரைபடத்தில் விடுபட்ட பாதையைப் பின்னரும் கோரலாம். 20 ஆண்டுகள் தடையின்றி, ஒளிவுமறைவின்றி, எவரிடமும் அனுமதி கேளாமல் மக்கள் நடந்த வழி பொதுவழியாகக் கொள்ளப்படும். அதற்குச் சாட்சி அந்த வழியால் நடந்தவர்களே. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எங்கிருந்து எங்கே, எதற்காக நடந்தேன் என்று வயோதிபர்கள் எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். பழைய நில அளவைப் படங்களும் துணைக்கு எடுக்கப்படுகின்றன.

பாடசாலைக்கு, வயலுக்கு, கரைக்கு என்று நாளாந்தம் நடந்தவர்கள், தாம் ஓர் உரிமையை எழுதிக்கொண்டிருப்பதாக அன்று நினைத்திருக்க மாட்டார்கள். நினைவிலுள்ளவரை அது ஒருவருடைய நினைவு. தாளில் இறங்கிய பின் அது ஊரின் சாட்சி. உங்கள் ஊரின் ஒழுங்கைகளையும், எந்த வேலியில் எந்தக் கடப்பு இருந்தது, எந்தக் கிணற்றடியால் குறுக்கு வழி போனது என்பதையும் அறிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். ஒரு கொப்பியை எடுத்து, அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை எழுதி வைக்கட்டும்.