ஏழு கிலோவுக்குள் அங்கோர்

கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவனிடம் வெளிநாடு கிளம்புகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கேமரா வாங்கட்டும் அண்ணே?" நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. "எந்த ஊருக்குப் போறீங்க? அங்கே எதைப் பார்க்கப் போறீங்க?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். பலருக்கு இது பிடிப்பதில்லை. கடைக்குப் போய்ப் பணத்தைக் கொட்டும் ஆசையோடு வந்தவரிடம் இப்படிக் குறுக்குக் கேள்வி போட்டால் முகம் சுருங்கத்தானே செய்யும்?

ஆனாலும் என் கட்சி அதுதான். கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பை கட்டக்கூடாது; போய் நிற்கப்போகும் இடத்தில் வெளிச்சம் எப்படி, எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்க விடுவார்கள் என்று பார்த்துக் கட்ட வேண்டும். நான் கல்யாணத்தில் சம்பாதித்து, அதைக் கோயில் சிற்பத்தில் செலவழிக்கிறவன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஊரை வைத்தே சொல்கிறேன்: கம்போடியாவின் அங்கோர்.

முதலில் எடை. நம்மூரிலிருந்து அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப் போகிறவர்களில் பெரும்பாலோர் பாங்காக், கோலாலம்பூர் போன்ற ஊர்களில் விமானம் மாறுகிறார்கள். அந்த வழியில் பறக்கும் பல விமானங்களில் கையோடு கொண்டுபோகும் பைக்கு 7 கிலோதான் கணக்கு. லென்ஸை லக்கேஜில் போட மனசு வராது. உபரி பேட்டரியைப் போட விதியே இடம் தராது. ஆக, மொத்தக் கடையும் அந்த 7 கிலோவுக்குள் அடங்க வேண்டும். கல்யாண வேலைக்கு நான் தூக்கும் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேனன் 5டி மார்க் 4, கூடவே 16-35, 24-70, 70-200 என்று மூன்று 2.8 லென்ஸ்கள். கூட்டிப் பார்த்தால் 4 கிலோவை ஒட்டி வரும். சார்ஜர், பை, மாற்றுச் சட்டை எல்லாம் சேர்ந்தால் தராசு முள் எங்கே நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கோருக்கு நான் எடுத்துப்போவது வேறு செட். ஆர்6 பாடி 680 கிராம், 24-105 லென்ஸ் 700 கிராம், 100-400 லென்ஸ் 635 கிராம், உள்ளங்கையில் அடங்கும் 16 எம்.எம். லென்ஸ் 165 கிராம். மொத்தம் 2 கிலோ 180 கிராம். நிக்கானோ சோனியோ வைத்திருப்பவர்களுக்கும் இதற்கு நிகரான சேர்க்கை உண்டு. 100-400 லென்ஸின் துளை சிறியது, இருட்டில் தடுமாறும் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். உண்மைதான். ஆனால் அதை எங்கே பயன்படுத்தப் போகிறேன் என்பதல்லவா கேள்வி?

பன்டே ஸ்ரேயில். அங்கோர் வாட்டிலிருந்து வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில், 967-இல் பிரதிஷ்டையான சிவன் கோயில் அது. செம்மணற்கல். மரத்தில் குடைந்த மாதிரி அத்தனை நுணுக்கமான வேலை. ஆனால் நடுச் சந்நிதிகளைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். கிட்டே போக முடியாது. கைலாயத்தை அசைக்கும் ராவணன், காமனை எரிக்கும் சிவன் எல்லாம் வாசல் முகப்புகளின் மேலே, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். நம்மவர்கள் அவசியம் தேட வேண்டிய சிற்பம் இன்னொன்றும் அங்கே உண்டு. ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் அமர்ந்திருப்பாள். அவள் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். அந்த முகத்தை போனில் பெரிதாக்கி எடுத்தால் கூழாகத்தான் வரும். 300 எம்.எம்.முக்கு மேல் ஒரு லென்ஸ் வேண்டும். திறந்தவெளி, நல்ல வெயில்; அதனால் துளை சிறியதாக இருந்தாலும் கவலையில்லை. இந்த ஒரு முகத்துக்காகவே அந்த 635 கிராமைச் சுமக்கலாம்.

அங்கோர் வாட்டில் நிலைமை தலைகீழ். கிழக்குத் திருச்சுற்றின் தெற்குப் பாதியில் பாற்கடல் கடையும் காட்சி 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. ஒரு பக்கம் அசுரர்கள், ஒரு பக்கம் தேவர்கள், நடுவில் திருமால். ஆனால் திருச்சுற்றின் அகலம் குறைவு. பின்னால் நகர்ந்து முழுவதையும் ஒரே படத்தில் அடக்க வழியே கிடையாது. நடந்துகொண்டே துண்டு துண்டாக எடுத்து, ஊருக்கு வந்து ஒட்டவேண்டியதுதான். இதற்கு 24-105 போதும். ஃபிளாஷை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். புடைப்புச் சிற்பத்துக்கு உயிர் கொடுப்பது பக்கவாட்டில் விழும் வெளிச்சம். நேரே ஃபிளாஷ் அடித்தால் அசுரனும் தேவனும் சுவரொட்டியாகத் தட்டையாகிவிடுவார்கள். தூண்களுக்கிடையே காலை வெயில் சாய்ந்து நுழையும்போது எடுத்தால் ஃபிளாஷுக்கு வேலையே இல்லை.

அதிகாலை 5 மணிக்குக் குளக்கரையில் முண்டியடித்துச் சூரிய உதயம் எடுப்பதுதான் அங்கோரில் எல்லாரும் செய்வது. கோயில் மேற்குப் பார்த்தது. அதனால் காலையில் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்துதான் வெளிச்சம் வரும். கிடைப்பது கறுப்பு உருவமும் செவ்வானமும். இன்றைய போன்களே அதை அழகாக எடுக்கின்றன. அதற்காக ஒன்றரைக் கிலோ ட்ரைபாடைத் தூக்கி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அந்த இருட்டில் உண்மையில் வேண்டியது, தலையில் மாட்டும் ஒரு சின்ன டார்ச். கோயிலின் முகத்தில் வெயில் படுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் மதியத்துக்கு மேல் வாருங்கள்.

அங்கோரின் இன்னொரு கோயிலான தா ப்ரோமில் மர வேர்கள் கவ்விய சுவர்களுக்கு நடுவே நெருக்கியடித்து நிற்கவேண்டியிருக்கும். அந்த 16 எம்.எம். லென்ஸ் அங்கேதான் கைகொடுக்கும்.

படங்களைப் பத்திரப்படுத்த லேப்டாப் தேவையில்லை என்பது என் தீர்ப்பு. 1 டெராபைட் கையடக்க எஸ்.எஸ்.டி. 60 கிராம்கூட இருக்காது. டைப் சி துளை உள்ள போனில் ஒரு சின்ன ஹப் சொருகி, ஒரு பக்கம் கார்டு, ஒரு பக்கம் எஸ்.எஸ்.டி. மாட்டினால் இரவில் சாப்பிட்டு வருவதற்குள் நகல் முடிந்துவிடும். கிளம்பும் முன் உங்கள் போன் இதைச் செய்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நகல் எடுத்த பிறகும் கார்டை அழிக்காதீர்கள். கார்டு சட்டைப்பையில், எஸ்.எஸ்.டி. பெட்டியில். இரண்டும் ஒரே பையில் இருந்தால் நகல் எடுத்ததற்கு அர்த்தமே இல்லை.

இனி பவர் பேங்க். இதில்தான் ஜனங்கள் அதிகம் குழம்புகிறார்கள். விமானத்தில் பார்ப்பது எம்.ஏ.எச். கணக்கை அல்ல, வாட் அவர் கணக்கை. கணக்கு எளிது: எம்.ஏ.எச்.சை ஆயிரத்தால் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள். 20,000 என்றால் 74 வாட் அவர். 100 வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணிக்கு அனுமதியே கிடையாது. எதுவானாலும் கைப்பையில்தான், லக்கேஜில் கூடாது.

2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் பூசானில், கிளம்பக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டார்கள். பவர் பேங்க்தான் காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை. அதற்குப் பிறகு ஆசிய விமானங்களில் கெடுபிடி கூடிவிட்டது. தாய் ஏர்வேஸ் 2025 மார்ச்சிலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரலிலும் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை போட்டன. அதே ஆண்டு அக்டோபரில் எமிரேட்ஸும் தடை போட்டு, ஆளுக்கு ஒன்றுதான் என்று எண்ணிக்கையையும் குறைத்துவிட்டது. எனவே டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் விதியைக் கிளம்பும் வாரத்தில் மறுபடி பாருங்கள். எழுத்து அழிந்துபோன பவர் பேங்கை எடுத்துப்போகவே போகாதீர்கள். அளவு தெரியாத பேட்டரியை எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் நம்பமாட்டார். மேலே இருக்கும் பெட்டி அலமாரியிலும் வைக்காதீர்கள். சூடேறினால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். கேமராவின் உபரி பேட்டரிகளுக்கும் இதே மரியாதை: முனைகளில் டேப் ஒட்டி, தனித்தனி உறையில். எனக்கு இரண்டு உபரி பேட்டரி போதும். அங்கோருக்கு 3 நாள் சீட்டு எடுத்துவிட்டால் அவசரம் ஏது, மதியம் அறைக்கு வந்து சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

மின்சாரத்தில் இரண்டு விஷயங்கள் உண்டு: பின் வடிவம் ஒன்று, வோல்டேஜ் இன்னொன்று. அடாப்டர் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. கம்போடியாவில் நம்மைப் போலவே 230 வோல்ட். நம்மூர் இரண்டு பின் போன் சார்ஜர் அங்கே பெரும்பாலும் நுழைந்துவிடும். தடித்த மூன்று பின்தான் நுழையாமல் நிற்கும். சிங்கப்பூர், மலேசியாவில் பிரிட்டிஷ் பாணிச் சதுரப் பின். ஜப்பானில் தட்டை பின், 100 வோல்ட். அமெரிக்காவிலும் தட்டை பின், 120 வோல்ட். சார்ஜரின் முதுகில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் எங்கும் பயமில்லை. போன், கேமரா, லேப்டாப் சார்ஜர்கள் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். தலைமுடி உலர்த்தியும் கெட்டிலும் அப்படி அல்ல. பேரனைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் மாமிகள் உள்ளூர் மிக்ஸியைப் பெட்டியில் வைத்துக் கட்டுவதை இன்னும் பார்க்கிறேன். 230 வோல்ட் மிக்ஸியில் அங்கே சட்னி அரைபடாது.

நான்கைந்து சார்ஜர்களுக்குப் பதிலாக, பல துளைகள் உள்ள 65 வாட் 'கான்' (GaN) சார்ஜர் ஒன்று வாங்கிவிடுங்கள். காசு கொடுத்து வாங்குவதில் நான் தயங்காமல் சிபாரிசு செய்யும் ஒரே பொருள் இதுதான். இன்னொன்று: வெளிநாட்டு டேட்டாவுக்கு இ-சிம் போட்டுக்கொண்டாலும், நம்மூர் சிம்மைக் கழற்றிவிடாதீர்கள். பேங்க் ஓ.டி.பி. அதில்தான் வரும். கிளம்புமுன் ரோமிங் வசதியை இயக்கிவிட்டுப் போங்கள்.

அக்கா மகன் போன வருடம் கேட்டான், "மாமா, அங்கோருக்கு ட்ரோன் எடுத்துட்டுப் போகட்டுமா?" வேண்டாம் என்றேன். அங்கோர் வளாகத்தில் ட்ரோன் பறக்கவிட, அதை நிர்வகிக்கும் அப்சரா ஆணையத்தின் அனுமதி வேண்டும். மொராக்கோவில் ட்ரோனை நாட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். நம் நாட்டிலும் 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. திரும்பி வரும்போது சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

சுங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. விலை உயர்ந்த கேமராவோ லென்ஸோ எடுத்துப்போகிறவர்கள், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். பொருளின் சீரியல் எண் அதில் இருக்கும். வரும்போது 'இது அங்கே வாங்கியதா?' என்ற கேள்விக்கு அந்தக் காகிதமே பதில். அதற்கென்று கொஞ்சம் முன்னதாகப் போகவேண்டும். பில் நகலும் கையில் இருக்கட்டும்.

அங்கோரில் இருக்கும் புழுக்கம் நாகப்பட்டினத்துக்காரருக்குப் புதிதல்ல. ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸ் பனிபிடித்துப் பத்து நிமிஷம் ஒன்றும் தெரியாது. கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடியபடியே வெளியே கொண்டுபோய், வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டுத் திறங்கள். திடீர் மழைக்கு ஹோட்டல் குளியலறையில் இலவசமாக வைக்கும் பிளாஸ்டிக் தலையுறை போதும்.

புதுக் கேமராவை மட்டும் பயணத்துக்கு முந்தின வாரம் வாங்காதீர்கள். வாங்கித்தான் தீருவேன் என்றால் இரண்டு மாதம் முன்னால் வாங்குங்கள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கட்டிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படம் எடுக்க அனுமதிக்கும் பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றுக்குப் போய், வெயிலில் மூன்று மணி நேரம் சுற்றுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் பையை விட்டு வெளியே வராத லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.