ஒற்றை அறையிலிருந்து உயர்மாடிக்கு

மும்பையில் குடியேறி வாழும் நம்மவர்க்குச் ‘சால்’ என்பது யாது என்று விளக்க வேண்டியதில்லை. நீண்டதொரு தாழ்வாரம், அதனை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் அனைவர்க்கும் பொதுவான கழிப்பிடம்: இவையே அதன் இலக்கணம். அவ்வகைக் குடியிருப்புகளுள் பெரியவையான பி.டி.டி. சால்கள் இன்று இடிக்கப்பட்டு, உயர்மாடிக் கட்டடங்களாக எழுந்து வருகின்றன. வாடகை வீட்டையும் சர்க்கார் வீட்டையும் நம்பி வாழும் நாம் இதனை ஊன்றிக் கவனித்தல் நலம்.

1920-ஆம் ஆண்டில் பம்பாய் மாகாண அரசு ‘பம்பாய் அபிவிருத்தி இலாகா’ என்பதைத் தோற்றுவித்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே பி.டி.டி. ஆலைத் தொழிலாளர்க்கென அவ்விலாகா கட்டியவை 207 கட்டடங்கள். வர்ளியில் 121, நாய்காவில் 42, என்.எம். ஜோஷி மார்க்கில் 32, சிவ்ரியில் 12. தரைத்தளமும் மூன்று மாடிகளுமாக ஒவ்வொன்றிலும் 80 அறைகள். ஓர் அறைக்கு 160 சதுர அடி. 1930-இல் சட்டமறுப்பு இயக்கத்தாரை அடைக்க வர்ளிக் கட்டடங்கள் தற்காலிகச் சிறையாகவும் பயன்பட்டன என்றால், அவற்றின் வசதியை ஒருவாறு ஊகிக்கலாம்!

2017-இல் புதுத் திட்டத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மாநில வீட்டுவசதி அமைப்பாகிய ‘மஹாடா’ இதனை நடத்துகின்றது. தகுதியுள்ள குடும்பத்திற்கு 500 சதுர அடியில், இரு படுக்கையறைகளுடன், சொந்தமாகவே இலவச வீடு. அதே நிலத்தில் மிகுதியாகக் கட்டப்படும் வீடுகளை விற்றுச் செலவை ஈடுசெய்வது ஏற்பாடு. 2025 ஆகஸ்டு 14 அன்று வர்ளியிலுள்ள 556 வீடுகளின் சாவிகள் முதன்முதலாக வழங்கப்பெற்றன. சிவ்ரிச் சால்கள் துறைமுகத்தாரின் நிலத்தில் இருப்பதால் இத்திட்டத்தில் சேரவில்லை.

என்னுடன் பணியாற்றும் மராத்திய நண்பர் ஒருவர் இத்தகைய சாலில் பிறந்து வளர்ந்தவர். வாடகை இரசீது காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே நின்றிருந்தது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உடன்பிறந்தார் சம்மதம் என்று அவர் இரண்டு ஆண்டுகள் அலைந்தார். பகல் உணவு வேளையில் அக்காகிதங்களை மேசைமேல் பரப்பி வைத்து, “இத்தனை தலைமுறை வாழ்ந்ததற்குச் சாட்சி நாங்கள் அல்லவாம்; இந்தக் காகிதமாம்” என்று கூறி நகைப்பார். அந்நகைப்பில் மகிழ்ச்சி இராது. உள்குடித்தனமாக இருந்தவர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. வீடு உரிமையாவது பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே. அறைக்குள் வாழ்ந்தவருக்கு அன்று.

என்னைப் போன்ற உத்தியோகஸ்தர் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அச்சால்களில் பணிநிமித்தம் அறை பெற்றிருந்த போலீஸ் குடும்பங்களுக்கு வீடு இலவசமன்று. முதலில் 50 லட்சம் ரூபாய் எனப்பட்டது. முறையீடுகளுக்குப்பின் 2022-இல் 15 லட்சமாயிற்று. ரயில்வே குவார்ட்டர்ஸில் வசிக்கும் எனக்கு இது நெஞ்சில் தைத்தது. எத்தனை ஆண்டு சுண்ணாம்பு அடித்து, துளசி நட்டு வாழ்ந்தாலும் பணி முடிந்த பின் சாவியைத் திருப்பித் தரவேண்டியவர்தாமே நாம்!

புது வீட்டிலும் கவலை இல்லாமல் இல்லை. லிப்டு, தண்ணீர் ஏற்றும் பம்பு, காவல் ஆகியவற்றிற்கு மாதந்தோறும் செலவு உண்டு. சிறு வாடகைக்குப் பழகிய கைக்கு அது பாரமே. நண்பரின் தாயார் கவலை வேறு. தாழ்வாரத்தில் கதவைச் சாத்தாது வாழ்ந்தவர் அவர். மூடிய கதவுகளுக்கிடையே, ஓர் அவசரத்திற்கு யாரைக் கூப்பிடுவது என்கின்றார். ஆயினும், நள்ளிரவில் முழங்கால் வலியோடு பொதுக் கழிப்பிடம் நோக்கி நடந்ததை எண்ணி, “போகத்தான் வேண்டும்” என்றும் அவரே முடிக்கின்றார்.

அன்பர்களே! பழையது இடிவதைக் கண்டு அழவும் வேண்டா. புதியது எழுவதைக் கண்டு மயங்கவும் வேண்டா. வாடகை இரசீது, ரேஷன் கார்டு, மின்சாரப் பில் ஆகியவற்றை ஒரு தகரப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். குவார்ட்டர்ஸில் இருப்போர் ஓய்வுக்கு முன்பே சொந்தக் கூரைக்கு வழிதேடுங்கள். நம் வீட்டுக் கதை எழுதப்படும் நாளில், அதில் நம் பெயர் விட்டுப்போகாதிருக்க வேண்டும்.