இன்வர்னெஸிலிருந்து மூன்று வழிகள்

ஸ்காட்லாந்தின் வட பகுதியில், நெஸ் என்னும் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இன்வர்னெஸ் நகரம் அமைந்திருக்கிறது. அந்நாட்டின் பழைய மொழியாகிய கேலிக்கில் ஆற்று முகத்துவாரத்தைக் குறிக்கும் சொல்லே 'இன்வர்' என மருவிற்று. ஆகவே ஊரின் பெயரைத் தமிழாக்கினால் 'நெஸ் முகத்துவாரம்' என்றாகும். மலைநாட்டின் வாயில் என்று இதனைச் சொல்வர். வருகின்றவர்களுள் பெரும்பாலோர் ஊருக்குள் அதிக நேரம் தங்குவதில்லை. படகில் ஒரு நாள், கால்நடையாக ஒரு நாள், சுற்றுலா பஸ்ஸில் ஒரு நாள் என்று புறப்பட்டு விடுகின்றனர். ஜூன் மாதத்தில் அங்கே பகற்பொழுது ஏறக்குறைய 18 மணி நேரம் நீடிப்பதால், ஒரு பகலில் நெடுந்தொலைவு சென்று மீளலாம்.

மூன்று வழிகளிலும் சென்று திரும்பியவர்கள் வியந்து கூறுவது ஒன்றே: எத்துணை விரிந்த வெளி, எத்துணை அமைதி, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடுகூட இல்லையே! அந்த அமைதி எவ்வாறு வந்தது என்னும் வினாவை மனத்தில் கொண்டு நாமும் புறப்படுவோம்.

முதலில் படகு. மலைநாட்டைத் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக இரண்டாகப் பிளந்தாற்போன்று ஒரு நீண்ட பள்ளத்தாக்கு செல்கிறது. அதில் வரிசையாகக் கிடக்கும் ஏரிகளை ஒன்றோடொன்று இணைத்து, மேலைக் கடலையும் கீழைக் கடலையும் கூட்டுவதே கலிடோனியக் கால்வாய். தாமஸ் டெல்ஃபோர்டு என்னும் பொறியியல் நிபுணர் அமைத்த இக்கால்வாயின் வேலை 1803-ல் தொடங்கி, 1822-ல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. 60 மைல் நீளத்தில் மனிதர் வெட்டியது ஏறக்குறைய 22 மைல்தான். எஞ்சியது இயற்கையான ஏரி நீர். மேட்டிலும் பள்ளத்திலும் படகை ஏற்றி இறக்க 29 நீர்ப்பூட்டுகள் உண்டு. படகு ஒரு கல் தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை அடைத்துவிடுகின்றனர். மேல்மட்டத்து நீர் உள்ளே பாய, படகு மெல்ல உயர்கிறது. பின்னர் முன்கதவு திறக்கிறது. இதனைப் படகின் மேல்தளத்தில் நின்று காண்பதே தனி இன்பம்.

இக்கால்வாயைக் கப்பல்களுக்காக மட்டும் அரசாங்கம் வெட்டவில்லை. மலைநாட்டு மக்கள் பிழைப்புத் தேடிக் கூட்டங்கூட்டமாக வெளிநாடு செல்வதைத் தடுக்க, உள்ளூரிலேயே அவர்களுக்கு வேலை தருவதும் அதன் நோக்கமாயிருந்தது. போகின்றவர்களைப் பற்றிய கவலை அப்போதே எழுந்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

படகு அடுத்து நுழைவது 'லாக் நெஸ்'. 'லாக்' என்பதை ஏரி என்று மொழிபெயர்ப்பது வழக்கம்; ஆனால் கடல் உட்புகுந்த கழிக்கும் அவர்கள் அதே சொல்லை ஆள்வதால், மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் நிலப்படத்தைப் பார்க்க வேண்டியதாகிறது. இது உண்மையான ஏரியே. 23 மைல் நீளம். 700 அடிக்கு மேற்பட்ட ஆழம். இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய இரு நாடுகளின் ஏரிகள் அனைத்தையும் கூட்டினாலும் இதில் உள்ள நீருக்கு ஈடாகாது. மலைச்சரிவுகளிலுள்ள புல்கரிச் சேறு கலந்து நீர் கறுத்திருக்கிறது. அந்தக் கருமையில் 1933 முதல் ஒரு பெரும் பிராணியைத் தேடி வருகின்றனர். 1934-ல் உலகெங்கும் பரவிய புகைப்படம் பொம்மையைக் கொண்டு எடுத்தது என்பது 1994-ல் வெளியாயிற்று. 2018-ல் விஞ்ஞானிகள் ஏரி நீரில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளைச் சேகரித்து ஆராய்ந்தபோது விலாங்கு மீனின் தடயமே மிகுதியாகக் கிடைத்தது. ஊர்வனவற்றின் அடையாளம் ஏதும் இல்லை. எனினும் படகுகளில் கூட்டம் குறையவில்லை.

இனி கால்நடை. ஆற்றின் நடுவேயுள்ள சிறு தீவுகளைத் தொங்குபாலங்கள் இணைக்கின்றன. மாலை உலாவுக்கு ஏற்ற இடம். நகர மண்டபத்தின் முன்னே ஒரு சாதாரணக் கல் இருக்கிறது. ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்த பெண்கள் தொட்டியை இறக்கி வைத்து இளைப்பாறிய சுமைதாங்கி அது. அந்த மண்டபத்தில்தான் 1921-ல், அயர்லாந்து விவகாரம் பற்றி முடிவுசெய்ய, பிரிட்டிஷ் மந்திரிசபை முதன்முறையாக லண்டனுக்கு வெளியே கூடிற்று. வழிகாட்டிகள் இதனைப் பெருமையோடு சொல்வர். அவ்வூரிலேயே 1816-ல் நடந்த வேறொரு வழக்கை நாம் கேட்டறிவது நலம். வடக்கே ஸதர்லாந்துப் பண்ணையின் நிர்வாகியான பாட்ரிக் ஸெல்லர், குடிகளை வெளியேற்றுகையில் வீடுகளுக்குத் தீ வைத்தும் உயிர்ச்சேதம் விளைவித்தும் குற்றம் புரிந்ததாக விசாரிக்கப்பட்டார். நடுவர் குழுவில் நிலச்சொந்தக்காரர் பலர். அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார்.

அந்த வெளியேற்றத்தின் வேர் எங்கே என்றால், பஸ் நம்மை ஐந்து மைல் கிழக்கே கல்லோடன் மேட்டுக்கு அழைத்துச் செல்கிறது. 1746 ஏப்ரல் 16 அன்று, ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸின் பக்கம் நின்ற மலைநாட்டார் அரச படையிடம் ஒரு மணி நேரத்திற்குள் தோற்றனர். 1,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். குலம் குலமாகப் புதைத்த மேடுகளில் இன்று நடுகற்கள் நிற்கின்றன. போருக்குப்பின் மலைநாட்டு உடை சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1782-ல்தான் தடை நீங்கியது. இடைக்காலத்தில் அரச படையில் சேர்ந்தவர்க்கு மட்டும் அவ்வுடை அனுமதி. குலத்தலைவர்கள் வாள்வீரரை வைத்துக் காத்த நிலம், வாடகை ஈட்டும் நிலமாயிற்று. மனிதரைவிட ஆடு அதிக வருவாய் தந்தது. பள்ளத்தாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரும் பிரயாணிகள் பஸ் நின்றதும் புல் மூடிய கற்சுவர்களிடையே எதையோ தேடுவது ஏன் என்பது இப்போது விளங்கும். ஊரை விட்டு வெளியே வாழும் நமக்கு அதனை விளக்க வேண்டுவதில்லை.

உடைக்காகவும் ஊதியத்திற்காகவும் படையில் சேர்ந்த மலைநாட்டார் எங்கே அனுப்பப்பட்டனர்? ஒரு பகுதியினர் நம்மிடம் வந்தனர். 1780-ல் சென்னையில் இறங்கிய 73-ஆம் மலைநாட்டுப் படையின் சில பிரிவுகள், அதே செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியின் சேனையிடம் அழிந்தன. அவர்களுக்கு உதவாமல் அருகேயிருந்த தளபதி ஹெக்டர் மன்றோ, பெரும் பீரங்கிகளைக் காஞ்சியின் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். மறு ஆண்டு அவரே டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினார்.

அந்த மன்றோ, இன்வர்னெஸுக்கு வடக்கே நோவார் என்னும் பண்ணையின் உரிமையாளர். ஊர் திரும்பியதும் அங்குள்ள ஃபைரிஷ் குன்றின் உச்சியில், நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் சாயல் என்று சொல்லப்படும் கல் வளைவுகளை எழுப்பினார். பசியால் வாடியவர்களுக்கு வேலை தருவதற்காகவே கட்டினார் என்பர். கூலி நாட்கள் நீளவேண்டி, ஏற்றிய கற்களை அவரே இரவில் உருட்டிவிட்டார் என்று ஒரு கதையும் உண்டு. அது உண்மையோ, அன்றோ, 1792-ல் அவரது நிலத்தில் ஆட்டுப்பண்ணைக்காரர்கள் நுழைந்தபோது குடிகள் கிளர்ந்தெழுந்து, ஆடுகளை மாவட்டத்துக்கு வெளியே துரத்த முற்பட்டனர். படை வந்து அவர்களை அடக்கிற்று என்பது சரித்திரம்.

வடக்கே செல்லும் பஸ்கள் பெரும்பாலும் அக்குன்றின் அடிவாரத்தைக் கடந்து நிற்காமல் போய்விடுகின்றன. அல்னெஸ் என்னும் சிற்றூரில் இறங்கி, ஊசியிலைக் காட்டின் வழியே நடக்க வேண்டும். 1,480 அடி உயரம். கடைசிப் பகுதியில் ஏற்றம் சற்றுக் கடினம். மேலே காற்று பலமாக வீசும், கம்பளிச் சட்டை இன்றியமையாதது. வளைவின் நடுவே நின்று கீழே நோக்கினால், குரோமார்ட்டி கழியில் ஓய்வெடுக்கும் எண்ணெய்க் கிணற்று மேடைகளும், அவற்றுக்கப்பால் வடகடலும் தெரிகின்றன.