உமியின் பொருளியல்: அம்பாறைக் கரையோர நெற்செய்கையை முன்வைத்துச் சில குறிப்புகள்

பயனற்ற முயற்சியை ‘உமி குற்றுதல்’ என்பது தமிழ் வழக்கு. உமி நீங்கிய அரிசி முளையாது என மூதுரை கூறுவதும் இதே மரபில்தான். கழிவு என்பது ஒரு பொருளின் உள்ளார்ந்த குணமன்று; உற்பத்தியில் அப்பொருள் பெறும் இடமே அதனைக் கழிவாக்குகிறது. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நெல் வயல்களைக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பிரதேசத்தின் நீர்ப்பாசனத்தை விரிவாக்கியது. நெல் பெருக, உமியும் பெருகியது. 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோ உமி எஞ்சும். அதனை எரித்தால் 4 கிலோ அளவில் சாம்பல் கிடைக்கும். அச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிக்காவாகும். நெற்பயிர் மண்ணிலுள்ள சிலிக்காவை நீரோடு வேரால் உறிஞ்சி, தண்டிலும் உமியிலும் படியவிடுகின்றது; பயிர் சாயாது நிற்பதற்கும் பூச்சிகளைத் தாங்குவதற்கும் அது துணைசெய்கின்றது. உமிக்கரியால் பல் துலக்கிய எமது முன்னோர் இப்பொருளின் உராயும் தன்மையை அனுபவத்தால் அறிந்திருந்தனர், பெயரைத்தான் அறிந்திருக்கவில்லை.

இங்கு தீர்மானகரமானது வெப்பநிலை. ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்கு உட்பட்டு எரித்தால் சிலிக்கா ஒழுங்கற்ற அமைப்புடையதாய், எளிதில் வினைபுரிவதாய் இருக்கும். அதனை நுண்ணியதாக அரைத்துச் சீமெந்தோடு கலந்தால், சீமெந்து இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்போடு இணைந்து புதிய பிணைப்பை உண்டாக்குகின்றது. கொங்கிறீற்றின் நுண்துளைகள் அடைபடுவதால் உப்பு உட்புகுந்து இரும்புக் கம்பியை அரிப்பது குறைகின்றது. கடற்காற்றில் கம்பி துருவேறி வெடித்த தூண்களைக் கண்டவர்க்கும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் வீடுகளை மீளக் கட்டியவர்க்கும் இதன் பெறுமதியை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மிகை வெப்பத்தில் நெடுநேரம் எரித்தாலோ, சிலிக்கா பளிங்குருவாகிவிடும். அப்போது அதன் வினைத்திறன் குன்றுவதோடு, தூசு தொழிலாளியின் நுரையீரலையும் கெடுக்கும். சரக்கின் தரமும் உழைப்பவனின் மூச்சும் ஒரே சூளையில் தீர்மானிக்கப்படுவது நோக்கற்பாலது. முதலாவதை அளப்பதற்குக் கருவி வாங்குவோர் இரண்டாவதையும் அளப்பார்கள் என்று நம்ப எமக்கு வரலாற்று ஆதாரமில்லை.

உமிச்சாம்பற் சிலிக்காவை டயர் உற்பத்தியிற் பயன்படுத்தப்போவதாகக் குட்இயர் நிறுவனம் 2014இல் அறிவித்தது. பெருமூலதனம் உமியை எப்போதோ கண்டுகொண்டது. அவ்வாறாயின் உமி எவருக்கு உரியது? போடியார், முல்லைக்காரன், வயற்காரன் என்ற பழைய படிநிலையில் களத்திற் பங்கிடப்பட்டது நெல்; உமியைப் பற்றிய பேச்சு எழவில்லை. இன்றும் ஆலைக்கு நெல் விற்கும் விவசாயி உமியையும் சேர்த்தே கொடுக்கிறான்; விலையோ அரிசியைக் கருதியே பேசப்படுகிறது. உமிக்குச் சந்தை விலை ஏற்படுமாயின் அதன் பலன் ஆலையின் வாசலைத் தாண்டாது. அதுமட்டுமன்று, இதுவரை அடுப்புக்கும் செங்கற் சூளைக்கும் உமி அள்ளிச் சென்றவர்கள் அதனை இழக்கவும் நேரும். விவசாயிகளின் கூட்டுறவுகள் தமது நெல்லைத் தாமே குற்றிச் சாம்பலையும் தாமே விற்பதே இதற்கு மாற்றாக எமக்குத் தோன்றுகிறது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே அமைந்துள்ளது. சூளையின் வெப்பநிலையை அளக்க விரும்பும் ஆய்வாளர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை.