முருங்கை விதை எண்ணெய்: ஈரம் அண்டாமல் எடுத்தால் வீட்டுக்கு உதவும்

பங்குனி, சித்திரை மாதங்களில் தென்காசி வட்டாரத் தோட்டங்களில் முருங்கை காய்த்துக் குலுங்கும். அதே நாட்களில் பாவூர்சத்திரம் சந்தையில் காய் விலை இறங்கிவிடுவதும் வழக்கம். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுப்படியாகாத நாட்களில் காய்கள் மரத்திலேயே முற்றி வெடித்து, விதை சிதறி வீணாகின்றன.

இந்த விதையில், தலைக்கும் உடம்புக்கும் தேய்க்க ஏற்ற மெல்லிய எண்ணெய் இருக்கிறது. சிறு விவசாயி வீட்டில் இதைத் தயாரித்துக் கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. காய் பறிப்பது முதல் புட்டியில் அடைப்பது வரை ஈரம் அண்டக் கூடாது.

எண்ணெயின் குணம்

முருங்கை விதையின் ஓட்டை நீக்கினால் கிடைக்கும் பருப்பில் 35 முதல் 40 சதம் வரை எண்ணெய் உண்டு. இந்த எண்ணெயில் ஏறத்தாழ 70 சதம் ஒலீயிக் அமிலமாகும். விரைவில் சிக்கு வாடை ஏற்படுத்தும் கொழுப்பு அமிலங்கள் இதில் மிகக் குறைவு. எனவே முறையாக எடுத்த எண்ணெய் நெடுநாள் கெடாது. தோலில் பிசுபிசுப்பின்றிப் பரவும்.

மேல்நாடுகளில் இதைப் 'பென்' எண்ணெய் என்பர். முற்காலத்தில் கடிகாரம் பழுது பார்ப்போர் நுண்ணிய சக்கரங்களுக்கு இதை இட்டனர். வாசனைத் தைலம் செய்வோர் பூவின் மணத்தை ஏற்றி வைக்க இதைப் பயன்படுத்தினர். எளிதில் கெடாத குணமே இதற்குக் காரணம்.

எந்தக் காயை விடுவது?

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கையில் ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் 200 காய்கள் தரும். ஒரு கிலோ விதை சேர்க்க ஏறத்தாழ 200 காய்கள் வேண்டும். அதாவது, ஒரு மரத்தின் ஆண்டு மகசூல் முழுவதும் ஒரு கிலோ விதைதான். ஆகவே நல்ல விலைக்குப் போகும் காயை விதைக்கென்று விடுவது நஷ்டம்.

காய்ப்பு முடிந்து, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மரத்தை வெட்டி மறுதாம்புக்கு விடுவது வழக்கம். அதற்கு முன் கடைசியாக நிற்கும் காய்களையும், விலை போகாத கோணல் காய்களையும் முற்ற விடலாம். தொடக்கத்திலேயே காய்களை முற்ற விட்டால் அடுத்த பூப்பு குறையும்.

பூச்சி மருந்து தெளித்த மரத்துக் காய்களை இதற்கு எடுக்க வேண்டாம். மருந்து கலந்து சாயம் ஏற்றிய விதைப் பொட்டல விதைகளை ஒருபோதும் ஆட்டக் கூடாது.

காய வைத்தல்

காய் பழுப்பு நிறமாகி, ஆட்டினால் விதை குலுங்கும் சத்தம் கேட்கும்போது பறிக்க வேண்டும். குற்றாலச் சாரல் ஆனியில் தொடங்கிவிடும். சாரலில் நனைந்த காயில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த விதையின் எண்ணெய் நிறமும் மணமும் கெட்டிருக்கும். ஆதலால் வைகாசிக்குள் விதையைப் பிரித்தெடுத்துவிடுவது நல்லது.

விதையைச் சாக்கில் பரப்பி மூன்று நான்கு நாள் காய வைக்க வேண்டும். பருப்பைக் கடித்தால் வளையாமல் சடக்கென்று உடைவதே சரியான பதம். சொத்தை, கறுப்பு விதைகளைப் பொறுக்கி நீக்கிவிடவும்.

ஆட்டுதல்

பத்து கிலோ விதையில் பருப்பு ஏழு கிலோ தேறும். அதில் இரண்டரைக் கிலோ எண்ணெய் இருந்தாலும், செக்கு முழுவதையும் பிழியாது. ஒன்றரைக் கிலோ கிடைத்தாலே நல்ல கணக்கு. சிறிதளவு விதையைச் செக்கில் ஆட்டினால் முன்பு ஆட்டிய எண்ணெய் கலந்துவிடும். எனவே நான்கைந்து பேர் விதையைச் சேர்த்து, செக்கைத் துடைத்துவிட்டு ஆட்டுவது நல்லது.

நல்லெண்ணெய்க்குச் செய்வதுபோல் கருப்பட்டி சேர்க்கக் கூடாது. தண்ணீர் தெளிக்காமல் ஆட்டும் சிறிய எக்ஸ்பெல்லர் கிடைத்தால் மிகவும் நல்லது. எண்ணெயை ஒரு வாரம் தெளிய வைத்து, மேலாக இறுத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு கரண்டி எண்ணெயைச் சூடாக்கினால் சடசடப்பு கேட்கக் கூடாது. கேட்டால் ஈரம் இருக்கிறது என்று பொருள். அப்போது சத்தம் அடங்கும்வரை இளந்தீயில் சுட வைத்து ஆற்ற வேண்டும். காய்ந்த கண்ணாடிப் புட்டியில் நிரப்பி இருட்டில் வைக்கவும். செம்பு, பித்தளைப் பாத்திரம் ஆகாது. பிண்ணாக்கு கசக்கும். அதை எருவாக இடலாம்.

வீட்டில் உபயோகம்

கூந்தலுக்கு: தேங்காய் எண்ணெயில் பாதியளவு இதைக் கலந்து சில துளிகள் தடவலாம். மூலிகை சேர்ப்பதானால் கறிவேப்பிலை, செம்பருத்திப் பூவை நிழலில் சருகாகக் காய வைத்துப் போட வேண்டும். பச்சை இலைச் சாறு, கற்றாழைச் சோறு, பன்னீர் ஆகியவற்றைக் காய்ச்சாமல் கலந்தால் சில நாட்களிலேயே கிருமி பெருகிக் கெடும்.

பித்தவெடிப்புக்கு: 100 கிராம் எண்ணெயுடன் 20 கிராம் தேன்மெழுகு சேர்த்து, கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி ஆற வைத்தால் களிம்பாகும். இரவில் காலைக் கழுவித் துடைத்துப் பூசலாம். ஈரக் கையால் களிம்பைத் தொடக் கூடாது.

உடம்புக்கு: குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் கொண்டு அருவியில் நிற்பது நெடுநாள் வழக்கம். தண்ணீர் மாசுபடுவதால், அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014-ல் தடை விதித்தது. எனவே இந்த எண்ணெயைக் குளித்துத் துவட்டிய பின் நாலைந்து துளி மட்டும் பூசுவதே முறை. மெல்லிய எண்ணெய் ஆதலால் அவ்வளவே போதும்.

முதல் முறை பூசுவோர் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ கண்டால் விட்டுவிட வேண்டும். இது முடியை மினுக்கும், தோல் வறட்சியைத் தணிக்கும். வழுக்கையில் முடி முளைக்க வைக்காது, பொடுகுக்கும் மருந்தாகாது.

விற்பனைக்கு முன்

சொந்த வீட்டுக்குத் தயாரிக்க அனுமதி தேவையில்லை. ஆனால் கூந்தல் தைலம், களிம்பு என்று தயாரித்து விற்க, 2020-ம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். விதையாகவே எண்ணெய் ஆலைக்கு விற்க விரும்புவோர், வாங்குபவர் விலையையும் அளவையும் உறுதி செய்த பிறகே காயை முற்ற விட வேண்டும். எவரோ சொன்ன எண்ணெய் விலையை நம்பித் தோட்டம் முழுவதையும் விதைக்கு விடுவது ஆபத்து.

இந்த ஆண்டு வீணாகும் காயிலிருந்து ஐந்து கிலோ விதை மட்டும் சேர்த்து ஆட்டிப் பார்க்கலாம். கிடைத்த எண்ணெயின் அளவையும் ஆட்டுகூலியையும் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு எவ்வளவு காயை விதைக்கு விடுவது என்பதை விவசாயியே முடிவு செய்துகொள்ளலாம்.