நோயாளி உள்ள இல்லத்தில் பாத்திரம் கழுவும் இயந்திரம்: பராமரிப்பும் பழுதுநீக்கமும்

அறுவை சிகிச்சையோ புற்றுநோய் சிகிச்சையோ முடிந்து நோயாளி வீடு திரும்பும் நாளிலிருந்து அடுக்களையில் வேலை பெருகுகிறது. அவருக்கெனத் தனிக் கஞ்சி, தனித் தட்டு, தனி டம்ளர், வேளைக்கு வேளை வெந்நீர்ச் செம்பு என்று கழுவ வேண்டியவை குவிகின்றன. அவற்றைக் கழுவுபவர் பெரும்பாலும் இரவில் கண்விழித்து நோயாளியைக் கவனித்தவரே. இக்காரணத்தாலேயே திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சில குடும்பங்கள் டிஷ்வாஷர் எனப்படும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை நாடத் தொடங்கியுள்ளன. வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கி அனுப்புவதும் உண்டு.

இயந்திரம் வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என எண்ணுதல் கூடாது. நன்கு பராமரிக்கப்படும் இயந்திரம் கைகளால் தாங்க இயலாத சூட்டில் பாத்திரங்களைக் கழுவித் தருகிறது. பராமரிப்பற்ற இயந்திரமோ பளபளப்பாகத் தோன்றும் பாத்திரத்தில் அழுக்கையும் கிருமியையும் விட்டுவைக்கக்கூடும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் வாழும் வீட்டில் இவ்வேறுபாடு சிறியதன்று.

இயந்திரம் செய்யும் வேலை

அமெரிக்காவின் ஜோசபின் காக்ரேன் என்னும் பெண்மணி 1886-இல் காப்புரிமை பெற்ற கருவியே இன்றைய இயந்திரத்தின் முன்னோடி. பாத்திரத்தைத் தேய்ப்பதற்குப் பதிலாக நீரை விசையுடன் பாய்ச்சிக் கழுவுவது அவர் கண்ட வழி. இன்றும் அடிப்படை அதுவே. அடியில் தேங்கும் சிறிதளவு நீரைச் சூடாக்கிச் சோப்புடன் கலந்து, சுழலும் தெளிப்புக் கைகளின் துளைகள் வழியே இயந்திரம் மீண்டும் மீண்டும் பாய்ச்சுகிறது. ஒரு முறை கழுவ ஏறத்தாழ 10 முதல் 15 லிட்டர் நீரே செலவாகும். அதே நீர் பலமுறை சுழல்வதால் வடிகட்டி தூய்மையாக இருத்தல் இன்றியமையாதது.

பெரும்பாலான இயந்திரங்களில் நீரின் வெப்பம் 45 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை அமையும். நோயாளியின் பாத்திரங்களுக்கு 65 டிகிரிக்குக் குறையாத திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நலம். அப்போதும் அவை கிருமி குறைந்தவையாகுமேயன்றி, மருத்துவமனைக் கருவிகளைப் போல் முற்றிலும் கிருமி நீங்கியவை ஆகா. மூக்குக் குழாய் வழி உணவூட்டும் சிரிஞ்சு, நெபுலைசர் கிண்ணம் போன்றவற்றை மருத்துவரோ செவிலியரோ சொல்லாமல் இயந்திரத்தில் இடவேண்டாம்.

நம் ஊர் நீரும் வெண்படலமும்

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் ஊர் நம்முடையது. ஆயினும் பல இல்லங்களில் இயந்திரத்துக்குள் செல்வது ஆழ்துளைக் கிணற்று நீரே. அதன் கடினத்தன்மை தெருவுக்குத் தெரு மாறக்கூடும். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கப்படும். கடின நீர் சூடாகும்போது சுண்ணப் படிவு தோன்றி, சூடேற்றியின் மீதும் தெளிப்புத் துளைகளிலும் படிகிறது.

இதனைத் தடுக்கவே இயந்திரத்தின் அடியில் உப்புக் கலன் அமைந்துள்ளது. டிஷ்வாஷருக்கென விற்கும் பருமணி உப்பையே அதில் இடவேண்டும். சமையல் தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் கலனை அடைத்துவிடும். உங்கள் வீட்டு நீரின் கடினத்தன்மையைச் சோதனைத் தாளாலோ நீர்ப் பரிசோதனைக் கூடத்திலோ அறிந்து, அதற்கேற்ப இயந்திரத்தில் அளவைப் பொருத்திக்கொள்ளுங்கள். டி.டி.எஸ். கருவி காட்டும் எண் கடினத்தன்மையைக் குறிப்பதன்று. ஆர்.ஓ. சுத்திகரிப்பானின் கழிவுநீரை இயந்திரத்துக்குத் திருப்பிவிடுவதும் தகாது. அது மூல நீரினும் கடினமானது.

எவற்றை இடலாம், எவற்றை இடலாகாது

எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி ஆகியவை இயந்திரத்துக்கு ஏற்றவை. பித்தளையும் செம்பும் நிறம் மங்கும். அலுமினியம் கறுக்கும். இரும்புத் தோசைக்கல் துருப்பிடிக்கும். மண்சட்டியும் கல்சட்டியும் சோப்பை உறிஞ்சிப் பின்னர் உணவில் கசியவிடும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு மென்மையானது; அதனைக் கையால் கழுவுவதே முறை.

பாத்திரத்தை முழுவதும் அலசி இடவேண்டியதில்லை. ஆனால் சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, கடுகு, புளிக் கோது, முருங்கைச் சக்கை ஆகியவற்றை வழித்தெறிந்த பின்னரே இடுங்கள். நம் சமையலில் வடிகட்டியை அடைப்பவை இவையே. காய்ந்த கஞ்சிப் பசை எளிதில் கரையாது. அத்தகைய பாத்திரத்தைச் சிறிது நேரம் நீரில் ஊறவிடுக. டிபன் அடுக்குகளை ஒன்றனுள் ஒன்றாகச் செருகாமல், வாய்ப்புறம் கீழ்நோக்கிச் சாய்த்து அடுக்குக.

பராமரிப்பு ஒழுங்கு

நாள்தோறும்: கழுவி முடிந்ததும் நீராவி அடங்கும்வரை காத்திருந்து கதவைத் திறவுங்கள். கதவின் ரப்பர் பட்டையை உலர்ந்த துணியால் துடைத்து, உட்புறம் காய்வதற்காகக் கதவைச் சற்றே திறந்துவையுங்கள்.

வாரந்தோறும்: அடியிலுள்ள வடிகட்டியைத் திருகி எடுத்து, ஓடும் நீரில் மென்தூரிகையால் கழுவி, முன்பிருந்தபடியே இறுகப் பொருத்துங்கள். தளர்வாகப் பொருத்தினால் துணுக்குகள் பம்புக்குள் புகும்.

மாதந்தோறும்: தெளிப்புக் கைகளைக் கழற்றித் துளைகளைப் பல்குச்சியால் நீக்குங்கள். இயந்திரத்தைக் காலியாக வைத்து, அதற்கென விற்கும் தூய்மைத் தூளை இட்டு, மிகுந்த சூட்டில் ஒருமுறை ஓட்டுங்கள். சுண்ணப் படிவுக்கு எலுமிச்சை உப்பும் உதவும். கையேடு அதனை அனுமதிக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் நீரை எந்த அமிலத்துடனும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

ரப்பர் பட்டையைப் பற்றித் தனியே சொல்லக் காரணமுண்டு. சுலோவேனிய அறிஞர்கள் 18 நாடுகளில் 189 வீட்டு இயந்திரங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றுள் 62 விழுக்காட்டில் கதவின் ரப்பர் பட்டையில் பூஞ்சைகள் இருந்தன. சூடு, உப்பு, காரச் சோப்பு மூன்றையும் தாங்கும் எக்சோஃபியாலா என்னும் கருநிற ஈஸ்டு அவற்றுள் குறிப்பிடத்தக்கது. நலமுள்ளோருக்கு இதனால் தீங்கு நேர்வது மிக அரிது. எனினும் கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர், நாட்பட்ட நுரையீரல் நோயுடையோர் ஆகியோர் பட்டையையும் வடிகட்டியையும் தாமே தூய்மை செய்யலாகாது. நலமுள்ள ஒருவர் கையுறை அணிந்து அதனைச் செய்வாராக.

பழுதை அறிதலும் நீக்குதலும்

எந்தப் பழுதைப் பார்க்குமுன்னும் பிளக்கைப் பிடுங்கி, நீர்க் குழாயை மூடுங்கள்.

நீர் ஏறவில்லை எனில், முதலில் மேல்நிலைத் தொட்டியைப் பாருங்கள். பல இயந்திரங்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை அழுத்தம் வேண்டும். தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்கு 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 1 பார் கிடைக்கும். ஆகவே ஒற்றைத் தள வீட்டில், தொட்டியில் நீர் குறைந்த வேளையில் இயந்திரம் நின்றுபோவது இயல்பே. அழுத்தம் போதுமெனில், நீர் நுழையும் குழாயின் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றி மணலை அகற்றுங்கள்.

அடியில் நீர் தேங்கி நின்றால், வடிகட்டியையும் கழிவுநீர்க் குழாயின் மடிப்பையும் பாருங்கள். புளியங்கொட்டையோ கண்ணாடித் துண்டோ பம்பில் சிக்கியிருக்கலாம். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள்.

டம்ளரில் வெண்படலம் தோன்றினால், அதன்மேல் சில துளி எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துப் பாருங்கள். படலம் மறைந்தால் அது சுண்ணம், உப்பு தீர்ந்திருக்கும். கண்ணாடியில் அது மறையாவிடில், கண்ணாடியே அரிக்கப்பட்டுள்ளது. சோப்பின் அளவையும் சூட்டையும் குறைக்க வேண்டும்.

நுரை பொங்கிக் கசிந்தால், கையால் கழுவப் பயன்படுத்தும் திரவச் சோப்பை யாரேனும் ஊற்றியிருக்கக்கூடும். இயந்திரத்துக்கெனச் செய்த சோப்பைத் தவிர வேறெதுவும் ஆகாது. நுரையின்றிக் கசிந்தால், பட்டை கிழிந்துள்ளதா, இயந்திரம் சமமட்டமாக நிற்கிறதா எனப் பாருங்கள்.

இவை அனைத்தினும் கருதத்தக்கது நீர் சூடேறாத பழுது. இயந்திரம் வழக்கம்போல் ஓடும், ஒலிக்கும், நிற்கும். பாத்திரமும் ஓரளவு தூய்மையாகவே தோன்றும். ஆனால் கிருமியைக் குறைக்கும் சூடு அங்கே இராது. சோப்பு வில்லை கரையாமல் கிடத்தல், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எஞ்சுதல், முடிந்தவுடன் திறந்தாலும் உட்புறம் குளிர்ந்திருத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் நோயாளியின் பாத்திரங்களை இயந்திரத்தில் இடுவதை நிறுத்திவிட்டுப் பழுதுநீக்குபவரை அழையுங்கள். சூடேற்றி, பம்பு, மின்கம்பி ஆகியவற்றில் வீட்டார் கைவைத்தல் கூடாது.

மின்சாரமும் குழந்தைகளும்

இவ்வியந்திரம் சூடேறும்போது ஏறத்தாழ 2,000 வாட் மின்சாரம் இழுக்கும். எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேரடியாக இணைக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரும் இதற்கு உதவா. தொட்டால் மெல்லிய அதிர்வு தெரிந்தாலோ, சுவிட்ச் அடிக்கடி தானே விழுந்தாலோ, அன்றே பயன்பாட்டை நிறுத்துக. நடுவே மின்தடை நேர்ந்து ஈரமும் இளஞ்சூடுமாகப் பாத்திரங்கள் பல மணி நேரம் உள்ளே கிடந்தால், முதலிலிருந்து மீண்டும் கழுவுக.

சோப்பு வில்லைகள் வண்ண மிட்டாய் போல் தோன்றுவன, கடுங்காரம் கொண்டவை. குழந்தைகளுக்கும், நினைவு தடுமாறும் முதியோருக்கும் எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள். எவரேனும் வாயிலிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாயை நீரால் கொப்பளிக்கச் செய்து, வில்லையின் உறையுடன் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

இயந்திரம் பழுதான நாள்களில்

பழுதுநீக்குபவர் தஞ்சாவூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரச் சில நாள்கள் ஆகலாம். அதுவரை நோயாளியின் எவர்சில்வர்ப் பாத்திரங்களைச் சோப்பிட்டுக் கழுவி, கொதிநீரில் சில நிமிடங்கள் இட்டு எடுத்து, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள். தேய்க்கும் நாரை நாள்தோறும் உலர்த்துங்கள். இவ்வேலை மீண்டும் ஒருவர் தலையிலேயே விழாதபடி வீட்டார் முறைவைத்துக்கொள்வது நல்லது. நோயாளியைப் பேணுபவரின் உறக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

உங்கள் நோயாளிக்குத் தனிப் பாத்திரம் தேவையா, எவ்வளவு காலத்துக்குத் தேவை என்னும் ஐயம் எழுந்தால், அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது வார்டு செவிலியரையோ உணவியல் நிபுணரையோ தயங்காமல் கேளுங்கள்.